பட்ஜெட் கூடுகிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆள் ஏன் கூடவில்லை?

கேள்வி சுருக்கமாக இதுதான்: தமிழக அரசு ஒவ்வொரு வருடமும் மருத்துவத் துறைக்குக் கூடுதலாகத்தான் பணம் ஒதுக்குகிறது. அப்படியிருந்தும் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மதியத்துக்கு மேல் டாக்டரைப் பார்க்க முடிவதில்லை, லேப் டெக்னீஷியன் வாரத்தில் சில நாள்தான் வருகிறார், இரவில் ஒரே ஒரு நர்ஸ். பணம் எங்கே போகிறது? திருட்டா, ஆள் பஞ்சமா?

மாவட்ட அளவில் இந்தத் துறையின் பணியமைப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆள் நியமனம், இடமாற்றம், சம்பளப் பட்டியல் எல்லாம் என் மேஜை வழியாகப் போனவை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திருட்டே கிடையாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கண்ணால் பார்க்கிற ஆள் குறைவுக்கு அது பெரிய காரணம் இல்லை. ஆள் பஞ்சமும் இல்லை. 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ள மாநிலம் இது. நர்சிங் முடித்துவிட்டு அரசு வேலைக்காகக் காத்திருக்கிற பெண்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அரசு செலவைக் கூட்டுகிறது, நிரந்தரப் பணியிடத்தைக் கூட்டத் தயங்குகிறது. இருக்கிற பணியிடத்தை நிரப்பவும் நாளாக்குகிறது. பணம் கட்டடமாக வருகிறது, திட்டமாக வருகிறது, தொகுப்பூதியமாக, அதாவது நிரந்தரம் இல்லாத ஆளுக்கு மாதம் கொடுக்கிற ஒரே மொத்தத் தொகையாக வருகிறது. ஒரே ஊரில் ஐந்து வருடம் இருந்து நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆளாக வருவது குறைவு. என் பதிலின் சாரம் இவ்வளவுதான். எப்படி இப்படி ஆகிறது என்பதைத்தான் விளக்க வேண்டும்.

முதலில் பணம். 2023-24 பட்ஜெட்டில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு 18,661 கோடி ரூபாய். அடுத்த வருடம் 20,198 கோடி. 2025-26ல் 21,906 கோடி. கூடியிருப்பது உண்மை. ஆனால் மாநில மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள், தலைக்கு வருடத்துக்கு மூவாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வரும். பிரசவம், விபத்து, டயாலிசிஸ், சர்க்கரை மாத்திரை, தடுப்பூசி, மருத்துவக் கல்லூரி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மாநிலத்தின் மொத்தச் செலவில் இது சுமார் 5 சதவீதம். 2017ல் வந்த தேசிய சுகாதாரக் கொள்கை, 2020க்குள் மாநிலங்கள் தங்கள் பட்ஜெட்டில் 8 சதவீதத்துக்கு மேல் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்றது. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 2025க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதத்தைத் தொட வேண்டும் என்றும் சொன்னது. 2021-22க்கான தேசிய சுகாதாரக் கணக்கில் அந்த எண் 1.84 சதவீதம். அதே கணக்குப்படி நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுக்கிறார்கள். 2013-14ல் அது 64.2 சதவீதமாக இருந்தது என்பதால் நிலைமை முன்பைவிட மேல். ஆனாலும் வருடா வருடம் கூடுவதை வைத்து மட்டும் பணம் போதும் என்று முடிவு செய்யக் கூடாது. கூடுவதில் ஒரு பங்கு அகவிலைப்படிக்கும் ஆண்டு ஊதிய உயர்வுக்குமே போய்விடும்.

இந்தப் பணம் ஒரே கையில் போவதும் இல்லை. மருத்துவக் கல்லூரிகளும் அவற்றைச் சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரிகளும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். மாவட்டத் தலைமை மருத்துவமனை, தாலுகா ஆஸ்பத்திரி எல்லாம் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ், அதாவது பேச்சுவழக்கில் டிஎம்எஸ். ஆரம்ப சுகாதார நிலையங்களும் அவற்றுக்குக் கீழே இருக்கிற 8,713 துணை சுகாதார நிலையங்களும் பொது சுகாதார இயக்ககத்தின் கீழ். இவை போகத் தேசிய நலவாழ்வுக் குழுமம் தனி. அதில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருடத்துக்கு ஆயிரம் கோடிக்கு மேல். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிற ஏழெட்டுப் பேரின் சம்பளம் இரண்டு மூன்று வெவ்வேறு கணக்குத் தலைப்புகளிலிருந்து வருவது சாதாரணம். ஒருவர் நிரந்தரம், ஒருவர் நலவாழ்வுக் குழும ஒப்பந்தம், ஒருவர் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுத்த தொகுப்பூதியம், துப்புரவுப் பணியாளர் வெளி நிறுவனத்தின் ஆள். நால்வரும் ஒரே கூரையின் கீழ் ஒரே நோயாளிக்கு வேலை செய்கிறார்கள்.

இப்போது பணியிடம் என்ற விஷயத்துக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ளாமல் பட்ஜெட்டைப் படித்துப் பயன் இல்லை.

ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்கு மயக்க மருந்து நிபுணர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அறுவை அரங்கு இருக்கிறது, மகப்பேறு டாக்டர் இருக்கிறார், மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லாததால் சிசேரியன் என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். தலைமை மருத்துவர் டிஎம்எஸ்ஸின் மாவட்ட இணை இயக்குநருக்கு எழுதுவார். இணை இயக்குநர் சென்னைக்கு எழுதுவார். அங்கிருந்து கருத்துரு தலைமைச் செயலகத்துக்குப் போகும். துறை ஒப்புக்கொண்டால் கோப்பு நிதித் துறைக்குப் போகும். நிதித் துறை தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: புதிய பணியிடம் உருவாக்காமல், வேறு எங்காவது உபரியாக இருப்பதை மாற்றிச் சமாளிக்க முடியாதா? மாநிலத்தில் எங்கோ ஒரு மூலையில் நிரப்பப்படாத பணியிடம் ஒன்று காகிதத்தில் இருக்கும். அது இருக்கிறவரை புதியது கிடைப்பது கஷ்டம்.

நிதித் துறையில் இருப்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பணியிடத்துக்கு ஒப்புதல் தருவது என்பது முப்பது வருடச் சம்பளத்துக்கும் வருடத்துக்கு இரண்டு முறை உயர்கிற அகவிலைப்படிக்கும் ஓய்வுகாலப் பங்களிப்புக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவது. சம்பளம், ஓய்வூதியம், வட்டி மூன்றுமே மாநில வருவாயில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. கட்டடம் ஒரு தடவை செலவோடு முடியும், திறப்பு விழாவும் நடக்கும். பணியிடம் முடியாத செலவு. அதனால்தான் கட்டடத்துக்கான கோப்பு வேகமாக நகர்கிறது, ஆளுக்கான கோப்பு நகர்வதில்லை.

பணியிடம் கிடைத்த பிறகும் பாடு தீராது. பல பணியிடங்கள் இன்றும் ஏட்டில் தற்காலிகப் பணியிடங்களாகவே இருக்கின்றன. குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை தொடர் நீட்டிப்பு ஆணை வர வேண்டும். ஆணை வரத் தாமதமானால் கருவூலம் சம்பளப் பட்டியலைத் திருப்பிவிடும். ஒரு வட்டாரம் முழுக்க நர்சுகளும் லேப் டெக்னீஷியன்களும் மாதக் கடைசியில் சம்பளம் வராமல் என் முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். பணம் பட்ஜெட்டில் இருக்கும், ஆள் வேலை பார்த்திருப்பார், தாள் ஒன்று வந்திருக்காது.

பிறகு ஆள் தேர்வு. 2012 வரை டாக்டர்களைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் எடுத்தது. அந்த வருடம் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தனியாக வந்தது. எம்ஆர்பி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். நாட்டிலேயே மருத்துவத் துறைக்கென்று தனித் தேர்வு வாரியம் வைத்த மாநிலங்கள் அப்போது அபூர்வம். நல்ல முடிவு. ஆனால் வேகம் போதவில்லை. 2024 மார்ச்சில் 2,553 உதவி மருத்துவர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. தேர்வு 2025 ஜனவரி 5ஆம் தேதி. 2,642 பேருக்கு நியமன ஆணை கொடுத்தது பிப்ரவரி கடைசியில். அறிவிப்பிலிருந்து ஆணை வரை ஏறக்குறைய ஒரு வருடம். அறிவிப்புக்கு முன்பு அந்த இடங்கள் காலியாகக் கிடந்த காலம் தனி. இந்த ஒரு வருடத்துக்குள் ஓய்வு பெற்றவர்கள், மேற்படிப்புக்குப் போனவர்கள், ராஜினாமா செய்தவர்கள் விட்டுப்போன இடங்களில் பெரும்பகுதி அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். யார் எந்த மாதம் ஓய்வு பெறுவார் என்பது அவர் வேலைக்குச் சேர்ந்த அன்றே பணிப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அதை வைத்து ஒரு வருடம் முன்பே தேர்வை நடத்தி, காத்திருப்போர் பட்டியலைத் தயாராக வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. இதைச் செய்யச் சொல்லி நாங்கள் கீழிருந்து எழுதாத வருடம் இல்லை.

கிராம சுகாதாரச் செவிலியர் விஷயம் இன்னும் வலிப்பது. 2023 அக்டோபரில் அந்தப் பதவிக்கு எம்ஆர்பி வெளியிட்ட அறிவிப்பில் இருந்த இடங்கள் 2,250. துணை சுகாதார நிலையங்களின் எண்ணிக்கையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அந்தளவுக்குக் காலியிடங்களைச் சேர விட்டிருக்கிறார்கள். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கு ஒன்று என்பது விதி. ஓர் இடம் காலியானால் பக்கத்து ஊர் செவிலியர் ‘இன்சார்ஜ்’ பார்ப்பார். அதாவது பத்தாயிரம் பேருக்கு ஒருவர். புதன்கிழமை தடுப்பூசி, கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, ரத்தசோகை உள்ளவர்களைத் தேடிப்போவது, பிரசவம் முடிந்த தாயை வீட்டில் போய்ப் பார்ப்பது, எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுவது என அத்தனையும் அந்த ஒரு பெண்ணின் தலையில். மற்ற பெரும்பாலான மாநிலங்களில் ஊருக்கு ஊர் ஆஷா என்ற உள்ளூர்ப் பெண் சுகாதாரப் பணியாளர் உண்டு. தமிழ்நாட்டில் மலை, பழங்குடிப் பகுதிகளில்தான் அவர்களை வைத்திருக்கிறோம், மற்ற இடங்களில் முறையான பயிற்சி பெற்ற செவிலியரே வீடு தேடிப் போவார் என்பதுதான் நம் முறை. அது உயர்ந்த முறை. ஆனால் செவிலியர் இடத்தைக் காலியாக விட்டால் தாங்கிப் பிடிக்க அங்கே இன்னொருவர் இல்லை.

தொகுப்பூதியத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2015ல் எம்ஆர்பி போட்டித் தேர்வு வைத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளை எடுத்தது. தேர்வு எழுதி, இட ஒதுக்கீட்டு முறைப்படி தேர்வாகி வந்தவர்கள். மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடம் கழித்து, காலியிடம் வர வர நிரந்தரம் என்ற பேச்சை நம்பிச் சேர்ந்தார்கள். சொந்த மாவட்டத்தை விட்டு வந்து, வீட்டு வாடகைக்கே பாதி போக, இரவுப் பணி பார்த்தார்கள். அதே வார்டில் அதே வேலையைச் செய்த நிரந்தர நர்ஸ் வாங்கியதில் பாதிகூட அவர்களுக்கு இல்லை. 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் அவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்த பிறகுதான் மாநிலத்துக்கே இந்தச் சங்கதி தெரிந்தது. பிறகு சம்பளம் 14,000 ஆனது, அப்புறம் 18,000. நிரந்தரம் சிறு சிறு தொகுதிகளாகத்தான் வந்தது. கொரோனா நேரத்தில் அவசரமாக எடுத்த நர்சுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடித்துவைக்கப்பட்டது. கவச உடையை மாட்டிக்கொண்டு கோவிட் வார்டில் நின்றவர்கள் புத்தாண்டு அன்று தெருவில் நின்றார்கள். இதை எந்த நியாயத்தாலும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இது அவர்களுடைய வயிற்றுப்பாடு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம், நோயாளியையும் நேராகப் பாதிக்கிறது. தொகுப்பூதியத்தில் இருப்பவர் நல்ல வாய்ப்பு வந்ததும் போய்விடுவார், போகத்தான் வேண்டும். அவருக்குக் கொடுத்த பயிற்சி அவரோடு போகும். எந்தக் கர்ப்பிணிக்கு முந்தின பிரசவத்தில் ரத்தப்போக்கு இருந்தது, எந்தத் தாத்தா மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பிடாமல் வைத்திருப்பார் என்ற விவரமெல்லாம் பதிவேட்டில் முழுதாக இருக்காது, ஆளிடம்தான் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு புது முகம் வந்தால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கட்சி மாறினாலும் இந்தப் பழக்கம் மாறவில்லை. 2020 டிசம்பரில் அப்போதைய அரசு இரண்டாயிரம் அம்மா மினி கிளினிக் என்று அறிவித்துத் திறந்தது. 1,820 டாக்டர்கள் தற்காலிகமாக எடுக்கப்பட்டார்கள். புதிய அரசு வந்து 2022 தொடக்கத்தில் அதை மூடியது. நிரந்தரப் பணியிடமே உருவாக்காத ஒன்றை மூடுவது சுலபம், ஓர் அறிவிப்பு போதும். அதே புதிய அரசு நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் 708 என்றது, அதில் 500 மையங்கள் 2023 ஜூன் 6ஆம் தேதி ஒரே நாளில் திறக்கப்பட்டன. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர். காலையும் மாலையும் இயங்கும் என்பதால் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு உண்மையிலேயே பயன். ஆனால் இதற்கான பணம் 15ஆவது நிதிக்குழுவின் சுகாதார மானியத்திலிருந்து வந்தது, அதன் காலம் 2021 முதல் 2026 மார்ச் வரை. பணியாளர்கள் எல்லோரும் ஒப்பந்தம். மானியம் ஒரு தேதியில் முடியும், சர்க்கரை நோய் முடியாது. திட்டம் தொடங்கும்போதே, மானியக் காலம் முடிந்த பிறகு இந்த ஆட்களை எந்தத் தலைப்பில் வைத்துச் சம்பளம் கொடுப்போம் என்று எழுதிவைத்திருக்க வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. வீட்டுக்கே போய் ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிற திட்டம், 2024ல் ஐநா விருதும் பெற்றது. நான் மனதார ஆதரிக்கிற திட்டம். ஆனால் வீடு வீடாகப் போகிற வேலையைச் செய்பவர்கள் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள். அவர்களுக்குக் கிடைப்பது மாதம் சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. தன்னார்வலர் என்று பெயர் வைத்ததால் சம்பளம் என்ற பேச்சே இல்லாமல் போய்விட்டது. விருது வாங்குகிற தரத்தில் ஒரு சேவை நடந்தால், அதைச் செய்கிறவருக்கு அந்தத் தரத்தில் கூலி வேண்டும்.

சரி, எல்லாமே இப்படித்தானா என்றால், இல்லை. தமிழ்நாடு இதில் நன்றாகச் செய்த காலங்கள் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பதில் கோணலாகிவிடும்.

1939லேயே மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம் வந்தது. நாட்டில் அதுதான் முதல். மருத்துவமனை நிர்வாகத்திலிருந்து பிரித்து, பொது சுகாதாரத்துக்கென்றே தனி இயக்ககத்தையும் தனிப் பணியாளர் அணியையும் இந்த மாநிலம் விடாமல் வைத்திருக்கிறது. தண்ணீரில் குளோரின் சோதிப்பது, கொசுப் புழு பார்ப்பது, காய்ச்சல் கணக்கெடுப்பது எல்லாம் ஒருவருடைய முழுநேர வேலையாக இருந்ததற்கு அதுவே காரணம். 1994ல், அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தருகிற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. மாவட்டக் கிடங்குகள், ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் மருந்துக் கணக்குக்கு ஒரு பாஸ்புக், மொத்தமாக டெண்டர், தரச் சோதனை முடிந்த பிறகே விநியோகம். மாத்திரை இல்லை என்ற பேச்சு பெருமளவு குறைந்தது, பல மாநிலங்கள் வந்து பார்த்து அதே முறையை எடுத்துக்கொண்டன.

ஆள் விஷயத்தில் இந்த மாநிலம் செய்த மிகச் சிறந்த காரியம் மூன்று நர்ஸ் ஏற்பாடு. 2000களின் நடுவில், ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் மூன்று நர்சுகளை ஷிப்ட் முறையில் வைத்து 24 மணி நேரமும் திறந்து வைக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு இரவில் பூட்டு தொங்கிய இடங்கள் அவை. கட்டடம் அதே கட்டடம், மேஜை அதே மேஜை. ஆள் இருக்கிறார் என்று ஊருக்குத் தெரிந்ததும் பிரசவத்துக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன, அதில் மூன்றில் இரண்டு பங்கு அரசு இடங்களில். லட்சம் பிரசவத்துக்குத் தாய் இறப்பு 2018-20ல் நாட்டில் 97, தமிழ்நாட்டில் 54. இதற்குக் காரணங்கள் பல என்றாலும், இரவு இரண்டு மணிக்குக் கதவைத் திறக்க ஒருவர் இருந்தார் என்பது முக்கியமான காரணம்.

அதே ஏற்பாட்டின் கணக்கை இன்று எடுத்துப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு நர்ஸ் நாளைக்கு எட்டு மணி வீதம் ஆறு நாள் பார்த்தால் 48 மணி. மூன்று பேருக்கு 144. யாரும் ஒரு நாள்கூட லீவு எடுக்காவிட்டாலும் வாரத்துக்கு 24 மணி நேரம் துண்டு விழுகிறது. ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால் மற்ற இருவரும் பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் போய்விடுவார்கள். விடுப்புக்குப் பதில் ஆள் என்ற பணியிடம் பெரும்பாலான இடங்களில் கிடையாது. தொடங்கியபோது அவர்கள் முக்கியமாகப் பிரசவம் பார்த்தார்கள். இப்போது சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய் பரிசோதனை, நாய்க்கடி ஊசி, காய்ச்சல் வார்டு, அத்தனைக்கும் கணினிப் பதிவு எல்லாம் அதே மூன்று பேரிடம். உங்கள் ஊரில் நீங்கள் பார்க்கிற ‘இரவில் ஒரே நர்ஸ்’ விதிப்படிதான் இருக்கிறார். விதியைத்தான் நான்கோ ஐந்தோ என்று மாற்ற வேண்டும்.

மதியத்துக்கு மேல் டாக்டர் இல்லாததற்கும் விளக்கம் உண்டு. பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இரண்டு டாக்டர் பணியிடம். ஒருவர் மாற்றுப் பணியில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார், இதைத்தான் டெபுடேஷன் என்கிறோம். இன்னொருவர் அன்றைக்கு வருமுன் காப்போம் மருத்துவ முகாமிலோ ஆய்வுக் கூட்டத்திலோ இருப்பார். சிலர் சீக்கிரம் கிளம்பித் தனியார் கிளினிக்குக்குப் போவதும் உண்டு. பணி நேரத்துக்கு வெளியே தனியார் சிகிச்சைக்கு இங்கே அனுமதி இருக்கிறது, அந்த எல்லையை மீறுகிறவர்களை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் நான் பார்த்தவரை டெபுடேஷன்தான் பெரிய ஓட்டை. சம்பளப் பட்டியலில் உங்கள் ஊர் டாக்டர் இருப்பார், ஆள் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பார். காலியிடம் இல்லை என்று அரசு சொல்வதும் உண்மை, டாக்டர் இல்லை என்று நீங்கள் சொல்வதும் உண்மை.

இந்த டெபுடேஷனுக்கு ஒரு பெரிய தேவை மருத்துவக் கல்லூரிகளிலிருந்து வந்தது. 2022 ஜனவரி 12ஆம் தேதி 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன, மொத்தம் 1,450 இடங்கள். விருதுநகர், ராமநாதபுரம், நாமக்கல், அரியலூர் போன்ற மாவட்டங்களுக்கு இது பெரிய வரம். கட்டடத்துக்கு மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து சுமார் 4,000 கோடி செலவழித்தன. கல்லூரிக்கு இத்தனை பேராசிரியர், இத்தனை உதவிப் பேராசிரியர் என்று தேசிய மருத்துவ ஆணையம் கணக்குக் கேட்கும். அவ்வளவு பேர் திடீரென்று எங்கிருந்து வருவார்கள்? பழைய கல்லூரியிலிருந்தும் தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்தும்தான். மேல் தளம் கட்டக் கீழ்த் தளத்தின் செங்கல்லை உருவியது போலத்தான் அது நடந்தது.

மேற்படிப்பு இட ஒதுக்கீடும் இதில் வருகிறது. அரசுப் பணியில் இருக்கிற டாக்டர்களுக்கு முதுநிலைப் படிப்பில் 50 சதவீத ஒதுக்கீடு இங்கே பல காலமாக இருந்தது. நடுவில் சிக்கலாகி, 2020 ஆகஸ்ட் 31ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் மாநிலத்தின் அந்த உரிமை உறுதியானது. எம்பிபிஎஸ் முடித்த பிள்ளைகள் கிராமத்துக்கு வருவதற்கு இதுபோல் பலமான ஈர்ப்பு வேறு இல்லை. அதனால் இந்த ஒதுக்கீட்டை எந்த விலை கொடுத்தும் காப்பாற்ற வேண்டும் என்பது என் கருத்து. அதே சமயம் அவர்கள் படிக்கப் போகிற மூன்று வருடமும் அந்த ஊருக்கு மாற்று ஆள் வேண்டும், படித்து முடித்தபின் நிபுணராகத் தாலுகா ஆஸ்பத்திரியில் உட்கார அங்கே பணியிடம் வேண்டும். 2019 அக்டோபரில் அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில், நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணியிடம் வேண்டும் என்பதும் ஒன்று. ஊதியக் கோரிக்கைதான் அதிகம் பேசப்பட்டது, இது அமுங்கிப்போனது.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அரசு ஆஸ்பத்திரிகளும் காப்பீட்டுத் தொகையைக் கோரிப் பெறலாம், பெரிய ஆஸ்பத்திரிகள் அந்தப் பணத்தில் கருவிகள் வாங்குகின்றன, ஒப்பந்த ஆட்களும் வைக்கின்றன. நல்லதுதான். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காப்பீட்டால் பெரிய வருமானம் கிடையாது. காப்பீடு மூலம் கூடுகிற பணம் மேலேதான் தங்கும்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. புகார் பெட்டியில் ‘டாக்டர் இல்லை’ என்று எழுதிப் போட்டால் ‘பணியிடம் நிரப்பப்பட்டுள்ளது’ என்று பதில் வரும். அதற்குப் பதிலாக மாவட்ட சுகாதார அலுவலரின் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். தாலுகா ஆஸ்பத்திரி என்றால் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு. முப்பது நாளில் பதில் தர வேண்டும். நிலையத்தின் பெயரைக் குறிப்பிட்டு, பதவி வாரியாக ஒப்பளிக்கப்பட்ட, அதாவது அரசு ஒப்புதல் தந்த பணியிடம் எத்தனை, இன்றைய தேதியில் நிரம்பியது எத்தனை என்று கேளுங்கள். நிரம்பியவர்களில் டெபுடேஷனில் வெளியே இருப்பவர் எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து, எந்த ஆணையின்படி என்று கட்டாயம் கேளுங்கள். உங்கள் ஊர் லேப் டெக்னீஷியன் வாரத்தின் மற்ற நாட்களில் எங்கே வேலை பார்க்கிறார் என்பது இந்தப் பதிலில்தான் தெரியும். காலியிடம் இருந்தால் எந்தத் தேதியிலிருந்து காலி, அதை எம்ஆர்பிக்குத் தெரிவித்த கடிதத்தின் தேதி என்ன என்று கேளுங்கள். தொகுப்பூதியத்தில் இருப்பவர்களின் சம்பளம் எந்தத் திட்ட நிதியிலிருந்து வருகிறது, அந்த நிதிக்கான ஒப்புதல் எந்தத் தேதி வரை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் வந்ததும் அதைக் கிராம சபையில் படித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒரு நகலைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். மக்கள் நல்வாழ்வுத் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது துறையின் வருடச் செலவுக்குப் பேரவையின் ஒப்புதல் கேட்பது, எண் 19, பேரவையில் விவாதத்துக்கு வருவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே அவர் கையில் அது இருக்க வேண்டும்.